கடுகு அளவு கடிகாரத்தில் மணி 1-55! பழைய படத்துக்குள் ஒரு ஊர்

"பழைய போட்டோதானே? இதுல பார்க்க என்ன இருக்கு?" என்று ஒதுக்கி விடுகிறவர்கள்தான் அதிகம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சங்கதியே வேறு!

அமெரிக்காவில் ஓகையோ ஆற்றங்கரையில் உள்ள ஊர் சின்சினாட்டி. 1848-ம் ஆண்டு இந்த ஊரை 2 பேர் படம் பிடித்தார்கள். ஒருவர் பெயர் சார்லஸ் பான்டெய்ன். இன்னொருவர் வில்லியம் போர்ட்டர்.

ஆற்றுக்கு அக்கரையில் உள்ள நியூபோர்ட்டில் காமிராவை வைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வரிசையாக 8 படம் எடுத்தார்கள். சேர்த்து வைத்தால் சுமார் 2 மைல் தூரத்துக்கு ஆற்றங்கரை தெரிகிறது.

அப்போது ஏது பிலிம்? வெள்ளி பூசிய செப்புத் தகட்டில்தான் படம் விழும். பாதரச ஆவி காட்டினால் உருவம் தெரியும். ஒரு தகட்டுக்கு ஒரே படம்தான். ஆனால் எத்தனை பெரிதாக்கினாலும் லேசில் கலங்காது. அதுதான் இதில் விசேஷம்.

படகு கொடுத்த துப்பு

படம் எடுத்த தேதி எப்படித் தெரிந்தது? கரையோரம் நின்ற நீராவிப் படகுகள் காட்டிக் கொடுத்தன! படகுகளின் பெயர் படத்தில் தெரிகிறது. எந்தப் படகு எந்த நாளில் துறையில் நின்றது என்று பழைய பதிவுகளைப் புரட்டினார்கள். 1848 செப்டம்பர் 24-ந் தேதி என்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை!

மணி? அதுவும் கிடைத்தது. பல ஆண்டு கழித்து தகடுகளை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு கோபுரத்தில் கடிகாரம். தகட்டில் அதன் அகலம் 1 மில்லி மீட்டர்தான். முள் 1-55 காட்டியது! தூசி மாதிரி இருந்ததெல்லாம் கடை போர்டு, ஜன்னல் என்று துலங்கியது.

இதற்கு 10 ஆண்டு முன்பு, 1838-ல், பாரீஸ் நகரில் டகேர் எடுத்த தெருப் படத்தில் வண்டி, குதிரை ஒன்றுமே விழவில்லை. எல்லாம் ஓடிக்கொண்டிருந்ததால் மறைந்து விட்டன. பூட்சுக்கு பாலிஷ் போட நின்ற ஒரு ஆசாமி மட்டும் சிக்கிக்கொண்டார்!

அக்கரையில் அடிமை

சின்சினாட்டி படத்தில் இன்னொரு சங்கதி. நியூபோர்ட் இருப்பது கென்டக்கி மாநிலத்தில். அன்று அங்கே அடிமை முறை சட்டப்படி நடந்தது. ஓகையோ மாநிலத்தில் அது கிடையாது. ஆக, படத்தில் தெரிவது சுதந்திர மண். காமிரா நின்றதோ அடிமை மண்! ஆற்றைத் தாண்டித் தப்பி ஓடிய அடிமைகள் ஏராளம். 'டாம் மாமாவின் குடிசை' எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டவ் அம்மையாருக்கும் அப்போது இந்த ஊர்தான்.

படத்தில் ஆறு அமைதியாகக் கிடக்கிறது. ஊருக்குக் குடிதண்ணீர் அதிலிருந்துதான் வந்தது. கழிவும் அதில்தான் போனது. மறு ஆண்டு, 1849-ல், காலரா வந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். ஸ்டவ் அம்மையாரின் கைக்குழந்தையும் அதில் போய்விட்டது. தண்ணீர் மூலம் காலரா பரவுகிறது என்பதை அப்போது டாக்டர்களே ஏற்கவில்லை.

8 தகடுகளும் இப்போது சின்சினாட்டி பொது நூலகத்தில் கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கின்றன.