சூலகக் கலங்களின் மாதச் சுழற்சி

மனிதவுடலின் உறுப்புக்களுட் பெரும்பாலானவை வளர்ச்சி முற்றியபின் தம் அமைப்பிற் பெரிதும் மாறுவதில்லை. ஈரலும் இதயமும் இன்று காட்டும் வடிவையே அடுத்த திங்களிலும் காட்டும். சூலகமோ இவற்றினின்றும் வேறுபட்டது. ஒரு திங்களுள் அதன் ஒரு பகுதி பருத்து, வெடித்து, வேறொரு சுரப்பியாக உருமாறி, ஈற்றில் வடுவாகச் சுருங்குகின்றது. மாதவிடாய் என்றதும் நம்மவர் கருப்பையினின்று வெளிப்படும் குருதியையே நினைப்பர். அக்குருதிப்போக்கு விளைவேயன்றிக் காரணமன்று. காரணம் சூலகத்துக் கலங்களில் நிகழும் மாற்றங்களேயாம். அவற்றை ஒழுங்குபட விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சூலகத்தின் அமைப்பு

முதிர்ந்த பெண்ணின் சூலகம் ஏறக்குறைய 3 சதமமீற்றர் நீளமும் ஒன்றரைச் சதமமீற்றர் அகலமுமுடையது. வடிவில் வாதுமைப் பருப்பை ஒத்தது. அதன் மேற்பரப்பை ஒரு படை மேலணிக் கலங்கள் மூடியுள்ளன. உள்ளே மையவிழையம் குருதிக் கலன்கள் நிறைந்தது. அதனைச் சூழ்ந்த புறணியிலேயே புடைப்புக்கள் பதிந்து கிடக்கின்றன. ஒல்லாந்து நாட்டு மருத்துவராகிய தெ கிராப் என்பார் 1672ஆம் ஆண்டில் இப்புடைப்புக்களை விவரித்து, அவையே முட்டைகளெனக் கருதினார். பாலூட்டிகளின் உண்மையான முட்டை அப்புடைப்பினுள்ளே தங்கும் ஒரு சிறு கலமென்பதை, 1827ஆம் ஆண்டில் பொன் பேயர் என்னும் அறிஞர் நாயின் சூலகத்தை ஆராய்ந்து நிறுவினார். ஒருவர் கூட்டைக் கண்டார். மற்றவர் கூட்டினுள் இருந்ததைக் கண்டார் எனலாம்.

பிறக்குமுன் சேர்ந்த முதல்

பெண் சிசு தாயின் வயிற்றில் ஐந்து மாதமளவில் இருக்கும்போது அதன் சூலகங்களில் 60 முதல் 70 இலட்சம் வரையிலான முட்டைக்கலங்கள் உள்ளன. பிறக்கும்போது 10 முதல் 20 இலட்சமே எஞ்சும். பூப்பெய்தும் வயதில் 3 அல்லது 4 இலட்சமாகக் குறையும். வாழ்நாளில் சூலகத்தை விட்டு வெளியேறுவன ஏறத்தாழ 400 மட்டுமே. பிறந்தபின் பெண்ணின் சூலகத்திற் புதிய முட்டைகள் தோன்றுகின்றன என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆகவே இஃது எடுத்துச் செலவிடத்தக்க முதலேயன்றி, மீண்டும் நிரப்பத்தக்க முதலன்று.

தொடக்கநிலைப் புடைப்பு ஒவ்வொன்றிலும் ஒரு முட்டைக்கலமும், அதனைச் சூழ்ந்து ஒரே படையாகத் தட்டைக் கலங்களும் காணப்படும். அம்முட்டைக்கலம் ஒடுக்கற்பிரிவைத் தொடங்கி, அதன் முதலவத்தையிலேயே நின்றுவிடுகின்றது. சில கலங்கள் பதினைந்து ஆண்டும், சில நாற்பது ஆண்டுக்கு மேலும் இவ்வாறே காத்துநிற்கும். முதிர்ந்த வயதிற் கருவுறும் பெண்களின் முட்டைகளில் நிறமூர்த்தங்கள் பிழையாகப் பிரிதல் மிகுதற்கு இந்நெடுங்காத்திருப்பு ஒரு காரணமாகும்.

புடைப்பு வளரும் காலம்

புடைப்பு விழித்தெழும்போது தட்டைக் கலங்கள் கனவடிவம் பெறுகின்றன. பின்னர் பல்கிப் பல படைகளாகின்றன. இவையே சிறுமணிக் கலங்கள். 35 மைக்ரோன் அளவினதாயிருந்த முட்டைக்கலம் 100 மைக்ரோனுக்கு மேல் வளர்ந்து, தன்னைச் சுற்றித் தெளிந்த படலமொன்றைப் பெறுகின்றது. புடைப்பின் வெளியே தொடுப்பிழையக் கலங்கள் இரண்டு உறைகளாக அமைகின்றன. அகவுறையில் மயிர்த்துளைக் குழாய்கள் செறிந்திருக்கும். சிறுமணிப் படையிலோ குருதிக் குழாய் ஒன்றேனும் இல்லை. இவ்வேறுபாடு பின்னர் நிகழ்வதை விளங்கிக்கொள்ள இன்றியமையாதது.

இவ்வளர்ச்சி ஒரு திங்களில் முடிவதன்று. பல திங்கள் எடுக்கும். மாதவிடாய் தொடங்கும் நாட்களில், கபச்சுரப்பியின் புடைப்பைத் தூண்டும் ஓமோன் சற்று உயர, ஓரளவு வளர்ந்து காத்திருந்த புடைப்புக்கள் சில ஒன்றாக முன்னேறுகின்றன. அகவுறைக் கலங்கள் கொலஸ்திரோலிலிருந்து அந்திரோசன்களை ஆக்கிக் கொடுக்க, சிறுமணிக் கலங்கள் தமது நொதியத்தால் அவற்றை ஈஸ்திரோசனாக மாற்றுகின்றன. ஒருவகைக் கலம் தனித்து இவ்வேலையைச் செவ்வனே செய்ய இயலாது. ஈஸ்திரோசன் பெருகவே கபச்சுரப்பி தன் தூண்டலைக் குறைக்கின்றது. அக்குறைந்த தூண்டலிலும் வளரவல்ல புடைப்பு ஒன்றே பெரும்பாலும் எஞ்சும். ஏனையவற்றின் சிறுமணிக் கலங்களில் கரு சுருங்கித் துண்டாகின்றது. அவை அழிந்து மறைகின்றன. பெரும்பாலான புடைப்புக்களின் முடிவு இதுவே.

சூல் வெளியேற்றம்

வென்ற புடைப்பு ஏறக்குறைய 20 மில்லிமீற்றர் விட்டமுடையதாகி, பாய்பொருள் நிறைந்து சூலகத்தின் மேற்பரப்பிற் புடைத்து நிற்கும். ஈஸ்திரோசன் ஏறத்தாழ இரண்டு நாள் தொடர்ந்து உயர்ந்து நிற்குமாயின், முன்னர் கபச்சுரப்பியை அடக்கிய அதே பொருள் இப்போது அதனைத் தூண்டுகின்றது. இலூற்றினாக்கும் ஓமோன் திடீரெனப் பெருக்கெடுக்கின்றது. உடனே, ஆண்டுக்கணக்கில் உறங்கிய முட்டைக்கலம் முதற் பிரிவை முடித்து, சிறிய முனைவுடலொன்றை வெளித்தள்ளி, இரண்டாம் பிரிவின் நடுவில் மீண்டும் நிற்கின்றது. விந்து புகுந்தாலன்றி அப்பிரிவு நிறைவுறாது. புடைப்பின் சுவரிலுள்ள நார்களை நொதியங்கள் கரைக்க, ஓமோன் பெருக்கெடுக்கத் தொடங்கி 36 மணி நேரமளவில் சுவர் கிழிந்து முட்டை வெளியேறுகின்றது.

மஞ்சட் சடலம்

வெறுமையான புடைப்பு வீணாவதில்லை. அதன் சுவர் மடிப்புற, அகவுறையின் மயிர்த்துளைக் குழாய்கள் இதுகாறும் குருதி காணாத சிறுமணிப் படையினுட் புகுகின்றன. சிறுமணிக் கலங்கள் பெருத்து, குழியவுருவிற் கொழுப்புத் துளிகளை நிரப்பிக்கொள்கின்றன. இலத்திரன் நுணுக்குக்காட்டியினால் நோக்குங்கால், அழுத்தமான அகமுதலுருச் சிறுவலை மலிந்திருத்தலையும், இழைமணிகளின் உள்மடிப்புக்கள் குழாய் வடிவினவாதலையும் காணலாம். இவை ஸ்ரீரொயிட் ஓமோன்களைச் சுரக்கும் கலங்களின் அடையாளங்கள். குருதி வழியே கொலஸ்திரோல் தாராளமாக வந்துசேர, புரோசெஸ்தரோன் மிகுதியாகச் சுரக்கின்றது. அதனாலேயே கருப்பையின் அகவணி கருவை ஏற்கத் தகுதி பெறுகின்றது. உடல் வெப்பமும் சிறிது உயர்கின்றது. மஞ்சட் சடலத்தின் சாற்றைக் கொண்டே முயல்களிற் கருவைக் காக்கலாமென்பதை கோணர், அலன் என்னும் இருவர் 1929இற் காட்டினர்.

கரு தங்காவிடின் ஏறத்தாழ 14 நாளில் இக்கலங்கள் நலிந்து, நார்மிக்க வெண்ணிற வடுவாகின்றன. புரோசெஸ்தரோன் வீழ, கருப்பையின் அகவணி கழன்று குருதியோடு வெளியேறும். கரு தங்கினாலோ, அதன் புறப்படை சுரக்கும் ஓமோன் மஞ்சட் சடலத்தைக் காக்கும். சில வாரங்களின்பின் சூல்வித்தகம் அப்பணியை ஏற்கும்.

இவ்வறிவின் பயன்

இவற்றால் இரு உண்மைகள் பெறப்படும். முதலாவது, பதினான்காம் நாளிலேயே எவர்க்கும் முட்டை வெளியேறும் என்னும் கணக்கு தவறானது. மஞ்சட் சடலத்தின் ஆயுள் பெரிதும் மாறாதது. புடைப்பு முதிரும் காலமே ஆளுக்காள் மாறும். எனவே 35 நாட் சுழற்சியுடையவளின் முட்டை 21ஆம் நாளளவில் வெளியேறலாம். இரண்டாவது, சிலரின் சூலகத்திற் பல சிறு புடைப்புக்கள் ஒன்றேனும் முதிராது தங்கிநிற்க, மாதவிடாய் தவறுகின்றது. இந்நிலையை ஸ்ரைன், லெவன்தால் என்னும் மருத்துவர் 1935இல் விவரித்தனர். இது மருத்துவத்தால் ஆற்றத்தக்கது. பெண்ணின் ஒழுக்கத்தோடோ ஊழோடோ தொடர்பற்றது.

பிள்ளைப்பேறு வாய்க்காத இல்லங்களிற் பெண்ணையே மலடியெனப் பழித்தல் நம்மிடையே இன்னும் ஒழிந்திலது. ஆடவனிடத்தும் குறை இருத்தல் கூடுமென்பதை மறந்து பேசுவோர் பலர். மாதவிடாயைத் துடக்கென்று ஒதுக்கி, அதுபற்றி வாய்திறவாதிருத்தலால், நோயுற்ற பெண் மருத்துவரை நாடுமுன் ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. அவ்வாண்டுகளிலும் முட்டைகளின் முதல் குறைந்துகொண்டே போகின்றது. ஆதலின் இவ்வறிவு மருத்துவ மாணவர்க்கு மட்டும் உரியதன்று. தாய்க்கும் மகளுக்கும், அவர்களோடு வாழும் ஆடவர்க்கும் வேண்டிய அறிவு இதுவேயாம்.