மாடிப்படிக்கு அடியில் பழைய சைக்கிள்... நெடும்பயணத்துக்குத் தயார் செய்வது எப்படி?

பல வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் பழைய இரும்பு சைக்கிள் ஒன்று தூசி படிந்து நிற்கும். அப்பா வேலைக்கு ஓட்டிப்போன பி.எஸ்.ஏ எஸ்.எல்.ஆர் ஆகக்கூட இருக்கலாம். அதில் பையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்ற முடியுமா? முடியும். ஆனால், பெயின்ட்டுக்கும் புது சீட்டுக்கும் செலவழிப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

முதலில் ஃப்ரேம்

ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள இணைப்புகள், பெடல் அச்சு இருக்கும் இடம், பின்சக்கரம் மாட்டும் இடம் மூன்றையும் துடைத்துவிட்டு விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். மேலோட்டமான துரு பிரச்னையில்லை. அழுத்தினால் குழாய் உள்வாங்கினால், அந்த சைக்கிளை அப்படியே விட்டுவிடலாம். ஃபோர்க் பின்னோக்கி வளைந்திருந்தால் எப்போதோ மோதியிருக்கிறது என்று அர்த்தம்.

ஃப்ரேம் நேராக இருக்கிறதா என்பதை ஒரு நூலே சொல்லிவிடும். பின்சக்கரம் மாட்டும் இடத்தில் நூலைக் கட்டி, முன்பக்கக் குழாயைச் சுற்றி, மறுபக்கம் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபக்கமும் சமமாக இருக்க வேண்டும்.

உயிர் காக்கும் செலவு

பழைய சைக்கிளின் பெரிய பலவீனம் பிரேக். இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். சுமையோடு இறக்கத்தில் வரும்போது இது ஆபத்து. எனவே, முதல் செலவு அலுமினிய ரிம், புது பிரேக் கட்டை, புது கேபிள். ரிம் வாங்கும்போது ஹப்பில் எத்தனை துளைகள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ரிம்மிலும் அதே எண்ணிக்கை வேண்டும்.

மேடு ஏற

கியர் இல்லாத சைக்கிளில் பின்னால் இருக்கும் 18 பல் ஃப்ரீவீலுக்குப் பதிலாக 22 பல் மாட்டலாம். முன்னால் 44 பல் இருந்தால், ஒரு மிதிக்கு 2.4 சுற்று சுற்றிய சக்கரம் இப்போது 2 சுற்றுதான் சுற்றும். வேகம் குறையும், மிதிப்பது எளிதாகும். செயின் நீளம் போதாமல் போகலாம், கடையில் சேர்த்துவிடுவார்கள். அப்படியே பால்ஸ் மாற்றி, கிரீஸ் வைத்து, சக்கரத்தின் கோட்டம் எடுத்துவிடுங்கள்.

சுமையை ஹேண்டில்பாரில் தொங்கவிடாமல், கேரியரின் இருபக்கமும் தாழ்வாகக் கட்டுங்கள். முதல் பயணத்துக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலை வேண்டாம். சமதளமான கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய் வாருங்கள். எந்த நட்டு தளர்கிறது, எது சத்தம் போடுகிறது என்பது வீடு திரும்புவதற்குள் தெரிந்துவிடும்.