எண்ணப்படாத பார்வையாளர்கள்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பகுதிகளில் அமெரிக்க மல்யுத்த வீரர்களின் பெயர்களைத் தடங்கலின்றி ஒப்புவிக்கும் சிறுவர்கள் அநேகர். எனினும், அந்நிகழ்ச்சியின் போக்கைத் தீர்மானித்துவந்த பார்வையாளர் கணக்கெடுப்பில் அவர்கள் ஒருபோதும் இடம்பெற்றதில்லை. நீல்சன் நிறுவனத்தின் அக்கணக்கு, அமெரிக்காவில் தெரிவுசெய்யப்பட்ட வீடுகளை மாத்திரமே சார்ந்தது.

1993 ஜனவரியில் ஆரம்பமான 'ரோ' வாராந்த நிகழ்ச்சிக்குப் போட்டியாக 1995 செப்டெம்பரில் 'நைட்ரோ' வந்தது. 1996 முதல் தொடர்ந்து 83 வாரங்கள் நைட்ரோவே முன்னணியில் நின்றது. இழந்த இடத்தை மீட்க ரோ கையாண்ட வழிகளுள் முக்கியமானது, வன்முறையையும் ஆபாசத்தையும் கூட்டியமையாகும். 1998 ஏப்ரலில் அது போட்டியாளரை முந்தியது. 1999 மே 10இல் 8.1 என்ற உச்சத்தைத் தொட்டது. அதாவது, அந்த அலைவரிசை கிடைக்கும் நூறு வீடுகளில் ஏறத்தாழ எட்டு. (அன்றிரவு நைட்ரோ ஒளிபரப்பாகவில்லை என்பதை இரசிகர்கள் வசதியாக மறந்துவிடுவர்.) அந்த வீடுகளின் சுவைக்குச் சமைத்ததே கீழைக்கரையின் சிறுவர்களுக்கும் பரிமாறப்பட்டது.

2001 மார்ச்சில் போட்டி நிறுவனமும் விலைக்கு வாங்கப்பட்டது. பின்னர் வீதம் படிப்படியாகச் சரிந்தது. 2021 முதல் 2024 வரை பெரும்பாலான வாரங்களில் பார்வையாளர் தொகை 20 இலட்சத்தை எட்டவில்லை. அமெரிக்கர்கள் கேபிள் இணைப்பைக் கைவிட்டு வருவதும் இதற்கொரு காரணம்.

2025 ஜனவரியில் ரோ நெட்பிளிக்ஸுக்கு மாறியது. அங்கு, பார்க்கப்பட்ட மொத்த மணித்தியாலங்களை நிகழ்ச்சியின் நேர அளவால் வகுத்தே எண்ணிக்கை பெறப்படுகிறது. இதனைப் பழைய 8.1 உடன் ஒப்பிடுதல் பொருந்தாது. சந்தாவின்றிக் கைத்தொலைபேசியில் துண்டு துண்டாகப் பார்க்கும் நமது சிறுவர்கள் இப்புதிய கணக்கிலும் இல்லை.