பழைய பஸ்ஸை மோட்டார் ஹோம் ஆக்க நினைப்போருக்கு

அறுகம்பே பக்கம் சீசன் காலத்தில் போய் வந்த வியாபார நண்பர்கள் சிலர் அண்மைக் காலமாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "பழைய பஸ் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், சமையல் மேடை, கழிவறை எல்லாம் வைத்து வெளிநாட்டுக்காரருக்கு வாடகைக்கு விட்டால் என்ன?" என்பதே அது.

யோசனை நல்லதுதான். காணி வாங்கி கபானா கட்டினால் அது நின்ற இடத்திலேயே நிற்கும். கிழக்கில் ஏப்ரல் தொடக்கம் ஒக்டோபர் வரைதான் ஆட்கள் வருவார்கள். மற்ற மாதங்களில் கபானாவுக்குப் பூட்டுத்தான். மோட்டார் ஹோம் அப்படியல்ல. நவம்பரில் அதே வண்டியை வெலிகம, மிரிஸ்ஸ பக்கம் கொண்டு போனால் தெற்கின் சீசனையும் பிடிக்கலாம்.

ஆனால், இந்த முயற்சியில் இறங்கி முதல் வருடத்திலேயே கையைச் சுட்டுக்கொண்டவன் நான். நான் செலவழித்துப் படித்ததை மற்றவர்கள் செலவில்லாமல் படிக்கட்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நாங்கள் செய்த பிழை

2023 ஜனவரியில் நானும் என் மச்சானும் கூட்டாக 26 ஆசன ஜப்பான் பஸ் ஒன்றை 52 இலட்சம் ரூபாவுக்கு வாங்கினோம். எனது பங்கு கடையில் சுழன்ற பணம். மச்சானின் பங்கு, மகளுக்கு வீடு கட்டவென்று அவர் ஆறு வருடமாகச் சேர்த்த காசு. வண்டிக்குப் புதுப் பெயின்ட், ஆசனங்களுக்குப் புது உறை, ஏ.சி. நல்ல குளிர். அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம். விலை பேசி முடித்துவிட்டோம்.

ஏப்ரலில் வண்டியை இறக்குவதுதான் திட்டம். ஆசனங்களைக் கழற்றித் தரைப் பலகையைக் கிளப்பிய அன்றுதான் விடயம் தெரிந்தது. தரையைத் தாங்கும் குறுக்கு இரும்புகளில் பாதிக்கு மேல் துருப்பிடித்து உக்கிப் போயிருந்தன. கீழிருந்து பார்த்தால் தெரியாதபடி கறுப்புத் தார் பூசியிருந்தார்கள். கராஜில் டிங்கர் பாஸ் ஒரு ஸ்குரூ டிரைவரால் குத்திக் காட்டினார். இரும்பு பிஸ்கட் போல உதிர்ந்தது.

"முதலாளி, வாங்க முதல் என்ன ஒருக்கா கூட்டிப் போயிருந்தீங்கண்டா ஐயாயிரம் ரூபாயோட முடிஞ்சிருக்கும்" என்றார்.

எங்களுக்கு ஒன்பதரை இலட்சத்தோடு முடிந்தது. அதைவிடப் பெரிய நட்டம், வண்டி செப்டெம்பர் கடைசியில்தான் வெளியே வந்தது. அந்த வருடத்துக் கிழக்குச் சீசன் முழுதாகப் போய்விட்டது. மச்சான் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. மகளின் வீட்டு அத்திவாரத்தில் புல் முளைத்துக் கிடந்ததைக் காணும்போதெல்லாம் எனக்குத்தான் முகம் கொடுக்க முடியவில்லை.

அன்று விளங்கிக்கொண்டது இதுதான்: மோட்டார் ஹோமுக்கு பஸ் வாங்குபவர் ஆசனத்துக்கும் பெயின்டுக்கும் காசு கொடுக்கக் கூடாது. அவை எப்படியும் கழற்றி எறியப்படுபவை. அவர் காசு கொடுக்க வேண்டியது மூன்றுக்கு மட்டுமே: காகிதம், கீழ் இரும்பு, எஞ்சின்.

எந்த பஸ்?

எமது பாதைகளுக்கு டொயோட்டா கோஸ்டர், மிட்சுபிஷி ரோசா, நிஸான் சிவிலியன் போன்ற ஆறு, ஏழு மீற்றர் வண்டிகளே வசதி. ஒழுங்கைகளில் திரும்பும், உதிரிப்பாகம் கிடைக்கும், டீசலும் அளவோடு குடிக்கும். குறை என்னவென்றால் உள்ளே உயரம் சுமார் ஆறடிதான். தரைக்கும் கூரைக்கும் பலகை அடித்தால் அதிலும் இரண்டு அங்குலம் குறையும். உயரமான வெள்ளைக்காரர் குனிந்தே நடக்க வேண்டி வரும். எனவே உயரக் கூரை கொண்ட வண்டி கிடைத்தால் சிறிது கூடக் கொடுத்தாலும் எடுங்கள்.

பதினொரு, பன்னிரண்டு மீற்றர் கோச் பஸ்களில் நின்று நடக்கத் தாராளமாக இடமிருக்கும். கீழே உள்ள பயணப்பொதி அறையில் தண்ணீர்த் தாங்கியையும் பற்றரியையும் வைக்கலாம். ஆனால் எயார் பிரேக், பெரிய டயர், கூடிய டீசல் என்று செலவு ஒவ்வொன்றும் பெரிது. எல்ல, ஹப்புத்தளைப் பக்கம் தங்குவதற்கு நிறுத்த இடம் தேடுவதும் பாடுதான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. ஆகவே சந்தைக்கு வரும் பஸ் பலவும் தனது வயதுக்கு மீறி உழைத்தது என்பதை மனதில் வைத்தே விலை பேச வேண்டும்.

முதலில் காகிதம்

வண்டியைப் பார்க்குமுன் பதிவுப் புத்தகத்தைப் பாருங்கள். பிரதி வேண்டாம், மூலப் பிரதியே வேண்டும். அதில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்து அந்தப் பெயர் நீக்கப்படும் வரை முழுப் பணம் கொடுக்க வேண்டாம். புத்தகத்திலுள்ள செசி நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் உள்ளவையும் ஒன்றா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள்.

'ஓபன் பேப்பர்' என்று பழைய உரிமையாளரின் வெறும் கையொப்பத்தோடு விற்பார்கள். மலிவாகத் தெரியும். நாளை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வண்டியின் வகுப்பை மாற்றப் போகும்போது, அந்த உரிமையாளரைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கும். மாற்றம் செய்யப்போகும் வண்டி உங்கள் சொந்தப் பெயரில் இருப்பதே பாதுகாப்பு.

பாதையில் ஓடிய பஸ் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வழித்தட அனுமதிப்பத்திரத்துக்கென்று தனிப் பெறுமதி உண்டு. சில வழித்தடங்களில் அது பஸ்ஸின் விலையையே தாண்டும். உங்களுக்கு அந்தப் பேர்மிட் தேவையில்லை. 'பேர்மிட் இல்லாமல் வண்டி மட்டும் என்ன விலை?' என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள்.

ஆசனம் கழற்றுமுன் உள் அமைப்பின் வரைபடத்தோடு திணைக்களத்துக்குச் சென்று அனுமதி பெறுங்கள். காப்புறுதிக் கம்பனிக்கும் பாவனை மாற்றத்தை எழுத்தில் அறிவியுங்கள். ஆசனம் கொண்ட பஸ்ஸாகக் காப்புறுதி செய்துவிட்டு உள்ளே அடுப்பு வைத்திருந்தால், நட்டஈடு கேட்கும் நாளில் பிரச்சினை வரும். சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவதற்குரிய பதிவு பற்றி இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையிடமும் எழுத்தில் கேட்டு, பதிலைக் கோவையில் வையுங்கள்.

கீழே படுத்துப் பாருங்கள்

கடலோரத்தில் ஓடிய வண்டியை உப்புக் காற்று கீழிருந்து தின்னும். சில்லு வளைவுகள், படிக்கட்டின் அடி, பற்றரிப் பெட்டியைச் சுற்றிய இடம், ஜன்னல்களின் கீழ் விளிம்பு, ஏ.சி. தண்ணீர் வடியும் இடம் ஆகியவைதான் முதலில் போகும். துணியில் சுற்றிய காந்தம் ஒன்றை உடலோடு ஒட்டிக் கொண்டு போங்கள். ஒட்டாத இடத்தில் இரும்புக்குப் பதிலாகப் பட்டிதான் இருக்கிறது. அடியில் புதிதாகத் தார் பூசியிருந்தால் சந்தேகப்படுங்கள். தரைப் பலகையில் ஒரு துண்டைக் கிளப்பிப் பார்க்க விற்பவர் மறுத்தால், நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி விடுங்கள்.

எஞ்சினை விடியற்காலையில், குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ண வேண்டும். நீங்கள் வருமுன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வாருங்கள். எஞ்சின் சூடான பின்னும் நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. கரும்புகை என்றால் எயார் பில்டரும் டீசல் பம்பும் பார்க்கப்பட வேண்டும். ஓடும் எஞ்சினில் ஒயில் மூடியைத் திறந்தால் புகை விசையோடு தள்ளிக்கொண்டு வரக் கூடாது.

பிரேக்கைச் சமதரையில் மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். 2025 மே மாதம் கொத்மலையிலும், அதே வருடம் செப்டெம்பரில் எல்ல - வெல்லவாய பாதையிலும் நடந்த பஸ் விபத்துகளை நாம் மறந்துவிடவில்லை. உங்கள் வாடிக்கையாளர்களும் அதே பாதைகளில்தான் போவார்கள். எயார் பிரேக் வண்டியானால் தாங்கி நிறைந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டு மானியைப் பாருங்கள். முள் வேகமாக இறங்கினால் எங்கோ காற்றுக் கசிகிறது.

உள்ளே வேலை

26 பேர், ஆளுக்கு 65 கிலோ என்றால் 1,690 கிலோ. அந்தப் பாரத்தை வண்டி சுமந்து பழகியதுதான். ஆனால் ஆட்கள் இரு பக்கமும் பரவி இருந்தார்கள். நாமோ தண்ணீர்த் தாங்கி, அலுமாரி, பற்றரி எல்லாவற்றையும் ஒரே பக்கம் வைத்துவிடுகிறோம். 150 லீற்றர் தண்ணீர் 150 கிலோ. 18 மில்லிமீற்றர் பிளைவூட் தகடு ஒன்று 30 கிலோவுக்கு மேல். எடையை இரு பக்கமும் சமமாகவும், தாழ்வாகவும் பிரித்து வையுங்கள்.

மின்சாரத்துக்குக் கணக்கு இருக்கிறது. 12 வோல்ட் 200 அம்பியர் மணி லிதியம் பற்றரி 2.4 யூனிட் தாங்கும். சிறிய குளிர்சாதனப் பெட்டி, விளக்கு, மின்விசிறி, போன் சார்ஜ் எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு ஒரு யூனிட் அல்லது சற்றுக் கூடப் போகும். கூரையில் 400 வொட் சோலார் போட்டால் வெயில் நாளில் அது திரும்பி வரும். ஏ.சி. அப்படியல்ல. 9,000 பி.டி.யு. ஏ.சி. ஓடினால் ஒரு இரவிலேயே மூன்று யூனிட்டுக்கு மேல் போகும். எனவே நிறுத்தும் இடத்தில் வெளி மின்சாரம் எடுத்தே ஏ.சி. என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தரையில் தேங்கி நிற்கும். சிலிண்டரை உள்ளிருந்து பிரிக்கப்பட்ட தனிப் பெட்டியில், அடியில் துவாரம் விட்டு வையுங்கள். 2021 கடைசியில் எமது நாட்டு வீடுகளில் தொடராக நடந்த எரிவாயு விபத்துகள் போதிய பாடம். பின் அவசரக் கதவைக் கட்டிலால் அடைக்காதீர்கள்.

சாரதியையும் மறந்துவிட வேண்டாம். கார் அனுமதிப்பத்திரத்தோடு பஸ் ஓட்ட முடியாது. ஆகவே பெரும்பாலும் வண்டியோடு உங்கள் சாரதியும் போவார். அவருக்குச் சம்பளம், சாப்பாடு, படுக்க இடம் எல்லாம் வாடகைக் கணக்கில் சேர வேண்டும். நாங்கள் இதையும் பிந்தித்தான் யோசித்தோம்.

கடைசியாகக் கணக்கு

கையிலுள்ள முதலை மூன்றாகப் பிரியுங்கள். பாதிக்கு மேல் வண்டிக்குக் கொடுக்க வேண்டாம். அடுத்த பெரும் பங்கு உள் வேலைக்கு. மிச்சத்தைத் தொடாமல் வையுங்கள். பழைய வண்டி அதை எப்படியும் கேட்கும். சீசன் தொடங்க எட்டு மாதத்துக்கு முன்னரே வண்டியை வாங்குங்கள். தெற்கைக் குறிவைத்தால் மார்ச்சில், கிழக்கைக் குறிவைத்தால் ஓகஸ்டில்.

எங்கள் வண்டி 2024இல் இரண்டு கரையிலும் ஓடியது. மச்சானின் மகளுக்கு வீட்டுக் கூரை ஒரு வருடம் பிந்தித்தான் ஏறியது. இப்போது இரண்டாவது வண்டி தேடுகிறோம். இம்முறை பார்க்கப் போகும் இடமெல்லாம் டிங்கர் பாஸும் எங்களோடு வருகிறார். அவருக்குரிய ஐயாயிரத்தை மச்சானே முதலில் எண்ணிக் கொடுத்துவிடுகிறார். இதுவரை நான்கு வண்டி பார்த்தோம். நான்கையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.