கிண்டிக் காடு

நகரம் வளருங்கால் அதற்கு முதலில் வேண்டுவது நிலம். வளர்ந்துவரும் நாடுகளில் அந்நிலம் பலகாலும் அருகிலுள்ள காட்டினின்றே எடுக்கப்படுகின்றது. காடு பெரும்பாலும் அரசுக்கு உரியது. அங்கே விலை கேட்போர் இலர். எழுப்பி அனுப்பவேண்டிய குடிகளும் மிகுதியாக இலர். ஆதலின், மரமும் மானும் நிறைந்த இடத்திற்கு 'வெற்று நிலம்' என்னும் பெயர் எளிதில் வந்துவிடுகின்றது.

சென்னையின் தெற்கே உள்ள கிண்டிக் காட்டின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். தனியார் ஒருவரிடமிருந்து அரசு 1821-இல் இதனை 35,000 ரூபாய்க்கு வாங்கிற்று. 1910-இல் காப்புக் காடாக அறிவித்தபோது இதன் பரப்பு 505 ஹெக்டேர். களாவும் காரையும் மண்டிய இத்தகைய கடலோரக் காடுகள் இன்று மிகவும் அருகிவிட்டன.

பேராசையால் அழிந்த காடுகள் உலகில் பல உள. கிண்டிக் காடோ நற்செயல்களால் குறைந்த காடு. 1958-இல் உயர்தொழில்நுட்பக் கல்விக்கூடத்திற்கு ஒரு பகுதி சென்றது. குழந்தைகள் மகிழ ஒரு பூங்கா எழுந்தது; காந்தியடிகள், இராசாசி, காமராசர் ஆகிய பெருமக்களுக்கு நினைவு மண்டபங்கள் அமைந்தன. இவற்றுள் எதனை வேண்டாதது என்று தள்ளுவது? கல்விக்கூட வளாகத்தில் மரங்கள் இன்றும் அடர்ந்து நிற்பதையும் மறைத்தல் தகாது. ஆயினும், 1961-ஆம் ஆண்டிற்கும் 1977-ஆம் ஆண்டிற்கும் இடையே மட்டும் ஏறத்தாழ 172 ஹெக்டேர் நிலம் கைம்மாறிற்று. எஞ்சிய பகுதி 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபொழுது, அதன் பரப்பு 270 ஹெக்டேர் அளவாகச் சுருங்கியிருந்தது.

பின்னர், 1980-களின் இறுதியில் பூங்காவைச் சூழச் சுவர் எழுந்தது. அது காட்டை மேலும் குறையாமல் காத்தது. அடுத்த வளாகங்களுக்கு மான்கள் சென்று மீளும் வழியையும் அடைத்தது. வெளியே தங்கிய மான்களை நாய்கள் துரத்துகின்றன. இறந்த மான்கள் சிலவற்றின் வயிற்றில் நெகிழிப் பைகள் இருக்கக் கண்டனர்.

இக்காட்டின் சிறப்பு வெளிமான். பழந்தமிழ் நூல்கள் இரலை என்று கூறுவது இதனையே. பகையைத் தொலைவிலேயே கண்டு விரைந்தோடிப் பிழைக்கும் இயல்பினது ஆதலின், இதற்குத் திறந்த புல்வெளி வேண்டும். பெயரிலேயே 'வெளி' அமைந்திருத்தல் காண்க. புள்ளிமான் மரநிழலிலும் புதரிடையேயும் வாழ வல்லது. வெளிமானுக்கோ புதர் வளர வளர இடம் குறைகின்றது. சுவருக்கு அப்பால் வேறு புல்வெளி தேடிச் செல்லவும் வழியில்லை. போலோத் திடல் எனப்படும் புல்வெளியே அதற்கு இன்று பெரும்புகலாய் உள்ளது.