முதலில் காலைப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை வலுத்தால் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் வாய்க்கால் எது, வயல் எது என்று தெரியாது. அந்த நேரம் பார்த்து ஆமை ஒன்று வாசற்படி ஏறிவிட்டால் வீடு இரண்டுபடும். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார் பாட்டி. வாளியில் போட்டு வளர்க்கலாம் என்பான் பேரன். ஆமை இருந்தால் பணம் சேரும் என்று வாஸ்துக்காரர்கள் வேறு கிளப்பிவிட்டிருக்கிறார்கள். ஆமையோ இரையும் மேட்டு நிலமும் தேடி வந்தது, அவ்வளவுதான்.

வந்தது எந்த ஆமை என்பதற்கு விடை அதன் காலில் இருக்கிறது. விரல்களுக்கு இடையே சவ்வு இருந்தால் குளத்து ஆமை. யானைக்கால் மாதிரி உருண்டு திரண்டிருந்தால் நில ஆமை. துடுப்பாக இருந்தால் கடலாமை; கடலூர்க் கரைக்கு ஆண்டின் தொடக்க மாதங்களில் முட்டையிட வரும் பங்குனி ஆமை அந்த வகை. ஆபத்து என்றால் எல்லா ஆமையும் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம். கடலாமையால் அது முடியாது.

ஆமை என்றாலே தண்ணீர் என்ற எண்ணம்தான் பெரிய கேடு. முதுகில் மஞ்சள் கதிர்கள் விரியும் நட்சத்திர ஆமை வறண்ட புதர்க்காட்டு உயிர். அதற்கு நீந்தத் தெரியாது. புண்ணியம் என்று அதைக் குளத்தில் விட்டால் மூழ்கிச் சாகும். குளத்து ஆமையை அட்டைப் பெட்டிக்குள் காயப்போடுவதும் அதே அளவு கொடுமை.

சாப்பாட்டிலும் இதே குழப்பம். பால்சோறு பிசைந்து வைப்பவர்கள் உண்டு. நட்சத்திர ஆமைக்குப் புல்லும் இலையும்தான் முக்கிய உணவு. அதன் குடல் நார்ச்சத்துக்காகவே அமைந்தது. குளங்களில் வாழும் பாலாமையோ நத்தை, மீன், தவளை, செத்த பிராணி என எல்லாவற்றையும் தின்று குளத்தைத் துப்புரவாக வைக்கும்.

ஓடு கழற்றி மாட்டும் சட்டை அல்ல. முதுகெலும்பும் விலாவும் சேர்ந்து உருவானது. நரம்பு ஓடுகிறது, தொட்டால் ஆமைக்குத் தெரியும். அதில் துளை போட்டுக் கயிறு கட்டுவது நம் எலும்பைக் குடைவதற்குச் சமம். ஓட்டு வளையங்களை எண்ணி வயது சொல்வதும் நம்பகமில்லை. தீனி கிடைத்த ஆண்டில் இரண்டு மூன்று வளையம் விழலாம், பஞ்சத்தில் ஒன்றும் விழாமல் போகலாம். அந்த ஓடு கெட்டிப்படச் சுண்ணாம்புச் சத்து மட்டும் போதாது. சூரியனின் புற ஊதாக் கதிர் தோலில் பட்டு வைட்டமின் டி உருவானால்தான் அந்தச் சத்து உடம்பில் சேரும். சன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடுகிறது. கண்ணாடி வழியே வெயில் விழும் இடத்தில் தொட்டியை வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களின் ஆமைக்கு ஓடு மெல்ல மெல்ல இளகும்.

இத்தனையும் தெரிந்துகொண்டாலும் நட்சத்திர ஆமையையோ பாலாமையையோ வீட்டில் வைக்க முடியாது. இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மீறினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரே ஒரு கடத்தல் வட்டாரத்திலிருந்து மட்டும் ஆண்டுக்கு 55,000 நட்சத்திர ஆமைகளாவது பிடிக்கப்படுவதாகக் கணக்கிட்டது. 2019-இல் அதன் பன்னாட்டு வணிகத்துக்கும் தடை வந்தது. அதிர்ஷ்டம் என்று நாம் கொடுக்கும் விலையில்தான் இந்தத் தொழில் ஓடுகிறது.

கடைகளில் விற்கும், கண்ணோரம் சிவப்புக் கோடு போட்ட பச்சைக் குஞ்சு அமெரிக்கக் குளத்து ஆமை. கைக்கு அடக்கமாக வாங்கியது சில ஆண்டுகளில் சாப்பாட்டுத் தட்டளவு ஆகும். ஆமைகளின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி நோயில்லாமலே குடியிருக்கும். குழந்தைகளுக்கு அது தொற்றியதால் 1975-இல் அமெரிக்காவே நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையைத் தடை செய்தது. தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். சமையலறைத் தொட்டியில் அதைக் குளிப்பாட்டக் கூடாது. வளர்த்து அலுத்தவர்களின் பார்வை உடனே கோயில் குளத்தின் மேல்தான் விழும். அங்கே விடவே கூடாது. உலகின் மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிர்களில் ஒன்று அது. நம் ஊர் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். வளர்க்க முடியவில்லை என்றால் வனத்துறையைக் கேட்டு ஒப்படைக்க வேண்டும். மழையில் வழிதவறி வந்த பாலாமைக்கு மட்டும்தான் குளம் சரி, அதுவும் வனத்துறைக்குச் சொல்லிவிட்டு.