காலதரும் கடற்கலமும்

சுவரில் காற்று புகுதற்கென விடப்படும் வழியைப் பண்டைத் தமிழர் காலதர் என்றனர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. சிலப்பதிகாரத்தில் இச்சொல் பயின்று வருகிறது. இன்று வழங்கும் சன்னல் என்பதோ ‘ஜனேலா’ என்னும் போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபு. மலாய் மொழியின் ‘ஜெண்டேலா’வும் அதன் வழி வந்ததே. இதற்கு மாறாக, கப்பல் என்னும் தமிழ்ச்சொல் மலாய் மொழிக்குச் சென்று ‘காப்பல்’ ஆயிற்று.

ஆயினும், பாய்மரப் படகின் அறையில் பதிக்கப்படும் பெரிய சன்னல்கள் பெரும்பாலும் காலதர் அல்ல. அவை ஒளியை மட்டுமே உள்ளே விடவேண்டும். காற்றையும் நீரையும் தடுக்கவேண்டும்.

1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்னும் பெயரில் திறக்கப்பட்டு, 1972இல் பெயர் மாறியது கிள்ளான் துறைமுகம். அங்குள்ள அரச சிலாங்கூர் படகு மன்றம் 1969இல் தோன்றியது. 1990இல் தொடங்கிய ராஜா மூடா பாய்மரப் படகுப் போட்டியில் கலங்கள் இங்கிருந்து பினாங்கு வழியாக லங்காவிக்குச் செல்லும். கடும் வெயிலும் பெருமழையும் மாறி மாறி வரும் இத்தகைய துறையில், பழைய படகுகளின் சன்னல் ஓரங்கள் விரைவில் கசியத் தொடங்கும்.

கசிவைச் சிறு குறை என்று எண்ணலாகாது. பல படகுகளில் அறையின் மேற்கட்டு, கண்ணாடி இழையாலான இரு தகடுகளுக்கிடையே மென்மரம் வைத்து அமைக்கப்பட்டிருக்கும். ஓரத்தில் புகும் நீர் அம்மரத்தை மறைவில் உளுத்துப்போகச் செய்யும். வெளித்தோற்றத்தில் ஒன்றும் தெரியாது. தட்டிப் பார்த்தால் ஓசை மழுங்கிக் கேட்கும். ஆகவே பழைய சன்னலைக் கழற்றியதும், உளுத்த மரத்தைச் சுரண்டி எடுத்து, ஈரம் உலரவிட்டு, அவ்விடத்தை எப்போக்சிப் பிசினால் நிரப்புதல் முதற்கடன்.

அடுத்தது புதிய பலகை. இதற்கு 1930களில் வணிகப் பொருளாக வந்த அக்ரிலிக் பெரிதும் பயன்படுகிறது. அது வெப்பத்தால் மிகவும் விரியும் இயல்புடையது. ஒரு மீட்டர் நீளப் பலகை, வெப்பம் 30 பாகை உயர்ந்தால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளும். அதே நீளமுள்ள கண்ணாடி 0.3 மில்லிமீட்டர்கூட நீளாது. படகின் சுவர் அக்ரிலிக் விரியும் அளவுக்கு விரிவதில்லை. எனவே திருகாணித் துளை ஆணியைவிடச் சற்று அகன்றிருத்தல் வேண்டும். மூலைகள் வளைவாக இருத்தல் வேண்டும். இன்றேல் பலகை அவ்விடங்களில் வெடிக்கும். அசிட்டோன் கொண்டு துடைத்தாலும் அதில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும்.

பலரும் பிழை செய்வது அடைப்புப் பசையில்தான். ஆணிகளை இறுக்க முடிந்தமட்டும் இறுக்கினால் பசை முழுதும் பிதுங்கி வெளியேறிவிடும். எஞ்சிய மெல்லிய படலத்தால் பலகையின் அசைவுக்கு ஈடுகொடுக்க இயலாது. சில காலத்தில் ஓரம் விட்டுப்போகும். இடையிடையே சிறு ரப்பர்த் துண்டுகளை வைத்துச் சில மில்லிமீட்டர் கனம் நிற்கச் செய்தால், சிலிக்கோன் பசை இழுபட்டும் சுருங்கியும் பிடிவிடாது நிற்கும்.

இவ்வுண்மை பழந்தொழிலாளர் அறிந்ததே. மரக்கலத்தின் பலகை இடுக்குகளில் நாரைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து அடைப்பதற்குக் கலப்பற்று என்று பெயர். அதை அளவுக்கு மிஞ்சித் திணித்தால், பலகை நீரில் ஊறிப் பருக்கும்போது ஆணியே பிடுங்கிக்கொள்ளும். மரம் போய் அக்ரிலிக் வந்தபோதும், அசைவதற்கு இடம்விட்ட மூட்டே நீரைத் தடுக்கிறது.